கையில் எடுத்தால் கீழே வைக்க முடியாத வாசிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது தெரியாது, வாசலில் கூப்பிட்டது காதில் விழாது, மணி பார்த்தால் இரண்டரை. புத்தகத்தில் இப்படி மூழ்கிப்போவது சிலருக்கு மட்டும் பிறவியிலேயே வாய்த்த வரம் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இடம், வெளிச்சம், நேரம், பதிப்பு, முதல் நாள் எத்தனை பக்கம் போனோம் என்பது போன்ற சின்னச் சின்ன விஷயங்கள்தான் அதைத் தீர்மானிக்கின்றன. பெரிய நாவல்களை மனத்தில் வைத்தே இந்தப் பதில்களை எழுதியிருக்கிறோம். பலர் வீட்டிலும் பாதியில் நின்று அலமாரியில் கிடக்கும் பொன்னியின் செல்வன் அங்கங்கே உதாரணமாக வரும்.

மூழ்கிப் படிக்கும்போது உண்மையில் என்ன நடக்கிறது?

வரியின் மேல் கண் வழுக்கிக்கொண்டே போவதாகத் தோன்றும். ஆனால் கண் தாவித் தாவித்தான் போகிறது. ஓரிடத்தில் ஏறக்குறைய கால் விநாடி நிற்கும், பிறகு அடுத்த இடத்துக்குத் தாவும். புத்தகத்தைத் தொடங்கும்போது எழுத்து, வாக்கியம், யார் யாரிடம் பேசுகிறார் என்று எல்லாவற்றிலும் கவனம் சிதறிக் கிடக்கும். ஆட்களும் இடமும் பழகப் பழக அந்த வேலை குறைகிறது. ஒரு கட்டத்தில் எழுத்து கண்ணில் படுவதே இல்லை, காட்சிதான் ஓடுகிறது.

தென்னாப்பிரிக்க உளவியலாளர் விக்டர் நெல், இன்பத்துக்காகப் படிப்பவர்களை ஆராய்ந்து 1988-ல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் வாசகர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தங்களுக்கு மிகவும் பிடித்த பக்கங்களை அவர்கள் வேகமாகப் படிக்கவில்லை, நிதானமாகவே படித்தார்கள். நன்றாகச் சமைத்த குழம்பை யாரும் அவசரமாக விழுங்குவதில்லை. ஆகவே எத்தனை பக்கம் முடித்தோம் என்ற கணக்கை வைத்து மூழ்கினோமா இல்லையா என்று முடிவு செய்யாதீர்கள்.

முன்பெல்லாம் ஒரே மூச்சில் படிப்பேன். இப்போது பத்துப் பக்கம் தாண்டுவதில்லை. என்ன ஆயிற்று?

முதலில் கண்ணைப் பாருங்கள். நாற்பது வயதை ஒட்டி வெள்ளெழுத்து வரத் தொடங்கும். புத்தகத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடிக்கிறீர்களா? ராத்திரியில் எழுத்து மங்குகிறதா? இருபது நிமிடத்தில் நெற்றி வலிக்கிறதா? அப்படியானால் குறை உங்கள் ஆர்வத்தில் இல்லை. படிக்கும் ஆசையே போய்விட்டது என்று சொல்பவர்களில் சிலருக்கு வேண்டியது ஒரு கண்ணாடிதான். கடையில் தொங்கும் கண்ணாடியை நீங்களே பார்த்து எடுக்காமல், ஒருமுறை பரிசோதித்துக்கொண்டு வாங்குங்கள். இரண்டு கண்ணுக்கும் ஒரே அளவு இருக்கும் என்று சொல்ல முடியாது.

அடுத்தது செல்போன். அது கூப்பிடாவிட்டாலும், பக்கத்தில் இருந்தாலே மனசு அதை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். நாவலுக்குள் நுழையப் பதினைந்து இருபது நிமிடம் ஆகிறது என்றால், ஒரு செய்தியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது அந்த நுழைவை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கிறது. போனைக் கவிழ்த்து வைப்பது போதாது. அடுத்த அறையில் வையுங்கள். வீட்டில் பெரியவர்கள், குழந்தைகள் இருக்கிறார்கள், அழைப்பு வரக்கூடும் என்றால் மணி ஒலிக்கட்டும். கைக்கு எட்டாமல் இருந்தால் போதும்.

மூன்றாவது காரணத்தைப் பலரும் கவனிப்பதில்லை. தினமும் தூங்கப்போகும் முன் ஐந்து பக்கம் என்று ஆரம்பிப்பது. நல்ல பழக்கம்போலத் தெரியும். ஆனால் ஒரு பெரிய நாவலைத் தொடங்க அதைவிட மோசமான வழி இல்லை. ஏன் என்பது அடுத்த பதிலில்.

முதல் முப்பது நாற்பது பக்கத்தைத் தாண்டுவது எப்படி?

முதல் அமர்வே நீளமான அமர்வாக இருக்கட்டும். தொடக்கப் பக்கங்களில் ஆசிரியர் ஊரைக் காட்டுகிறார், ஆட்களை ஒவ்வொருவராக அறிமுகம் செய்கிறார், காலத்தைச் சொல்கிறார். நினைவில் வைக்க வேண்டியது அதிகம், திருப்பிக் கிடைப்பது குறைவு. இந்தப் பகுதியை ஐந்தைந்து பக்கமாக ஒரு வாரம் இழுத்தால், ஒவ்வொரு இரவும் நேற்றைய ஆட்களை மறுபடி தேட வேண்டிவரும். அந்தச் சலிப்பில்தான் புத்தகம் மூடப்படுகிறது.

பொன்னியின் செல்வனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருவதில் கதை தொடங்குகிறது. ஏரி, திருவிழாக் கூட்டம், சைவ வைணவச் சண்டை, கடம்பூர் மாளிகை, குரவைக்கூத்து என்று ஐந்து அத்தியாயம் நிதானமாகப் போகிறது. ஆறாவது அத்தியாயத்தில்தான் நடுநிசிக் கூட்டம். நாட்டில் என்ன சதி நடக்கிறது என்று நமக்குத் தெரியவருவதும், கதை நம் சட்டையைப் பிடித்து இழுப்பதும் அங்கேதான். மூன்றாம் அத்தியாயத்தில் மூடிவைத்தவருக்கு அந்த இழுப்பு கிடைப்பதே இல்லை. ஆகவே முதல் நாள் இலக்கு ஆறு அத்தியாயம்.

உங்களுக்கு அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை நீங்களே கணக்கிடலாம். கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம் இயல்பாகப் படியுங்கள். ஐந்து பக்கம் போனால், நாற்பது பக்கத்துக்கு எண்பது நிமிடம். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு முன்பு அந்த எண்பது நிமிடத்தை ஒதுக்குங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு வேண்டாம், தூக்கம் வரும்.

இன்னொன்று. நம் புத்தகங்களில் வாழ்த்துரை, அணிந்துரை, பதிப்புரை, முன்னுரை என்று கதைக்கு முன்னால் ஒரு வரிசையே நிற்கும். அணிந்துரை எழுதுபவர் நாவலை முழுக்கப் படித்தவர். யார் சாகிறார், யார் யாரை மணக்கிறார் என்பதைத் தன்னை அறியாமல் சொல்லிவிடுவார். எல்லாவற்றையும் தாண்டி முதல் அத்தியாயத்துக்கு நேராகப் போங்கள். முடித்த பிறகு அணிந்துரைக்கு வந்தால், அப்போது அது உங்களோடு பேசும்.

பெயர்கள் குழம்புகின்றன. யார் எவருக்கு என்ன உறவு என்று பிடிபடவில்லை.

இது உங்கள் குறை அல்ல. பெரிய நாவலில் ஒரே ஆளுக்கு மூன்று நான்கு பெயர் இருக்கும். அருள்மொழிவர்மரும் பொன்னியின் செல்வரும் ஒருவரே. ஆழ்வார்க்கடியானைத் திருமலை என்று அழைப்பார்கள். பழுவேட்டரையர் இரண்டு பேர், பெரியவர் ஒருவர், சின்னவர் ஒருவர்.

அரைத் தாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதையே அடையாளச் சீட்டாகவும் வைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கத்தில் ஆட்கள்: நடுவில் சுந்தர சோழர் என்று எழுதி, கீழே மூன்று கோடு இழுத்து ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழி. பழுவூர்க்காரர்களுக்குத் தனி மூலை. ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் ஒரே ஒரு அடையாளம், "காஞ்சியில் இருக்கிறார்", "முன்குடுமி, கையில் தடி" என்பதுபோல. மறுபக்கத்தில் இடங்கள்: கடம்பூர், பழையாறை, தஞ்சை, கோடிக்கரை. வடக்கிலிருந்து தெற்காக வரிசையாகப் போட்டாலே வந்தியத்தேவன் எங்கே போகிறான் என்பது புரியும்.

ஆனால் எல்லாப் பெயரையும் எழுதாதீர்கள். ஒருவர் இரண்டாவது தடவை வந்தால் மட்டும் எழுதுங்கள். ஒரு காட்சியில் வந்து போகும் காவலாளியை எழுதிக்கொண்டிருந்தால் வாசிப்பு பரீட்சைக்குக் குறிப்பெடுப்பது போல ஆகிவிடும். நூறு பக்கத்துக்குப் பிறகு அந்தத் தாளைப் பார்க்கவே தேவைப்படாது.

ரஷ்ய நாவல்களின் மொழிபெயர்ப்பில் வேறொரு சூட்சுமம் உண்டு. அங்கே சொந்தப் பெயர், தந்தையின் பெயரிலிருந்து வரும் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று சேர்ந்துதான் முழுப்பெயர். மரியாதையாக அழைக்கும்போது முதல் இரண்டும் வரும். நிக்கொலாய் இலியிச் என்றால் இலியாவின் மகன் நிக்கொலாய். வீட்டில் செல்லப்பெயர் வேறு: அலெக்ஸேய் அல்யோஷா ஆவான், நதால்யா நதாஷா ஆவாள். நம் ஊரில் பாலசுப்பிரமணியன் பாலு ஆவதும் மணி ஆவதும் இதே கதைதான். சீட்டில் ஒருவருக்கு ஒரு வரி ஒதுக்கி, அவருடைய எல்லாப் பெயரையும் அதே வரியில் எழுதினால் குழப்பம் தீரும்.

வட்டார வழக்கு புரியவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி பார்க்க வேண்டுமா?

வேண்டாம். ஒரு சொல் புரியாவிட்டால், பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு மேலே போங்கள். அதே சொல் நாலைந்து இடத்தில் வரும்போது பொருள் தானாகப் பிடிபடும். கரிசல், நாஞ்சில், கொங்கு, யாழ்ப்பாணம் என எந்த வழக்காக இருந்தாலும், உரையாடலை மெல்ல வாய்விட்டுப் படிப்பதுதான் முதல் வழி. எழுத்தில் முரண்டு பிடிக்கும் சொல் காதில் விழும்போது சட்டென்று விளங்கும்.

அமர்வு முடிந்த பிறகு புள்ளி வைத்தவற்றைப் பாருங்கள். இன்றைய எழுத்துத் தமிழுக்குக் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி போதும். பழைய சொற்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். கரிசல் வட்டாரச் சொற்களுக்கென்றே கி. ராஜநாராயணன் ஓர் அகராதி தொகுத்திருக்கிறார். அதைச் சும்மா புரட்டினாலே பொழுது போவது தெரியாது. படித்துக்கொண்டிருக்கும்போதே போனை எடுத்து சொல் தேடுவது மட்டும் வேண்டாம். சொல்லைத் தேடப் போய் எங்கே போய் நிற்போம் என்று எல்லோருக்கும் தெரியும்.

பொன்னியின் செல்வன் அளவுள்ள நாவலை முடிக்க எத்தனை நாள் ஆகும்?

ஐந்து பாகம், மொத்தம் 293 அத்தியாயம். நாளுக்கு மூன்று அத்தியாயம் என்றால் 98 நாள். ஐந்து என்றால் இரண்டு மாதம். விடுமுறையில் உட்கார்ந்தவர்கள் இரண்டு வாரத்திலும் முடிப்பதுண்டு. எந்தக் கணக்கும் தப்பில்லை, ஒன்றைத் தவிர: நடுவில் பத்து நாள் விட்டுவிடக் கூடாது. இரண்டு நாள் இடைவெளியைக் கதை தாங்கும். பத்து நாள் விட்டால் ஆட்கள் அந்நியமாகிவிடுவார்கள். வேலை நெருக்கும் நாளில் ஒரே அத்தியாயம் படித்தாலும் தொடர்பு அறாது.

ராத்திரி நிறுத்தவே முடியவில்லை. காலையில் வேலைக்குப் போக வேண்டும். எங்கே நிறுத்துவது?

அத்தியாயத்தின் முடிவில் நிறுத்தப் பார்க்கிறீர்கள். அதுதான் சிக்கல். பொன்னியின் செல்வன் 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரை கல்கி வார இதழில் தொடராக வந்தது. அடுத்த வாரம்வரை வாசகரைக் காத்திருக்கவைக்க வேண்டும் என்பதால் அத்தியாயத்தின் கடைசி வரியில் ஒரு முடிச்சு விழும். கதவு திறக்கும், ஒரு குரல் கேட்கும், அங்கேயே "தொடரும்". தொடராக வந்த நாவல்கள் பெரும்பாலும் இப்படித்தான். அங்கே நிறுத்துவது கல்யாண வீட்டில் இலை போட்ட பிறகு எழுந்து போவதைப்போல, முடியாத காரியம்.

அடுத்த அத்தியாயத்துக்குள் இரண்டு பக்கம் போங்கள். முந்தைய முடிச்சு அங்கே அவிழ்ந்திருக்கும், புதிய முடிச்சு இன்னும் விழுந்திருக்காது. அந்த இடைவெளியில் சீட்டை வைத்து மூடுங்கள். மறுநாள் பாதிக் காட்சியில் தொடங்குவதால் உள்ளே நுழைவதும் சுலபம். பத்தியின் நடுவில் மட்டும் விடாதீர்கள், உரையாடல் முடிந்து ஒரு வர்ணனை தொடங்கும் இடம் தோதானது.

எந்தப் பதிப்பு வாங்குவது?

கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அதனால்தான் கடையில் ஒரே நாவல் பல அட்டையில், பல விலையில் இருக்கிறது. விலையை மட்டும் பார்த்து வாங்கினால் பின்னால் வருந்த நேரிடும். கடையில் நின்றபடியே பார்க்க வேண்டியவை:

முழுமையா, சுருக்கமா என்பது முதலில். பாகவாரியாக அத்தியாய எண்ணிக்கை இது: புது வெள்ளம் 57, சுழற்காற்று 53, கொலை வாள் 46, மணிமகுடம் 46, தியாகச் சிகரம் 91. பொருளடக்கத்தைத் திருப்பி ஒப்பிட்டால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பிறகு நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பத்து வரி படியுங்கள். ஒற்றுப் பிழை, ர-ற குழப்பம், விட்டுப்போன மேற்கோள்குறி இரண்டு மூன்று கண்ணில் பட்டால் வைத்துவிடுங்கள். ஒவ்வொரு அச்சுப்பிழையும் உங்களைக் கதையிலிருந்து வெளியே இழுத்துப்போடும் ஒரு தட்டு. எழுத்து பொடியாக, வரி நெருக்கமாக இருந்தாலும் அப்படியே. ஐந்து பாகத்தையும் ஒரே தொகுதியாகப் போட்டது பார்க்க அழகு, ஆனால் கையில் தூக்கிப் படிக்க முடியாது. தனித்தனி பாகமாக வாங்குங்கள்.

கடைசியாகக் கட்டுமானம். புத்தகத்தின் முதுகை மேலிருந்து பாருங்கள். தாள்கள் சிறு சிறு கட்டுகளாக மடிந்து தெரிந்தால் நூல் தையல். தட்டையாக ஒரே கோடாகப் பசை மட்டும் தெரிந்தால் ஒட்டுக் கட்டு. இருநூறு பக்கத்துக்கு ஒட்டு போதும். ஐந்நூறு பக்கம், வீட்டில் நாலு பேர் படிப்பார்கள் என்றால் தையலே நிற்கும்.

புதுப் புத்தகம் விரியவே மாட்டேன் என்கிறது. அழுத்தித் திறந்தால் தாள் கழன்று வருகிறது.

நடுவில் திறந்து ஒரே அழுத்தாக அழுத்துவதால்தான் பசை அங்கே விரிசல் விடுகிறது. புதுப் புத்தகத்தைப் பழக்க ஐந்து நிமிடம் போதும்.

புத்தகத்தின் முதுகு மேஜையில் படும்படி நிமிர்த்தி நிறுத்துங்கள். முன் அட்டையை மெதுவாக மேஜையில் சாய்த்து, அது முதுகோடு சேரும் மடிப்பை விரலால் மேலிருந்து கீழாக ஒருமுறை நீவுங்கள். பின் அட்டையையும் அப்படியே. நடுத் தாள்கள் மொத்தமாக நிமிர்ந்து நிற்கும், அவற்றை ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். இப்போது முன்னாலிருந்து பத்துப் பதினைந்து தாள் சாய்த்து நீவுங்கள், அடுத்து பின்னாலிருந்து பத்துப் பதினைந்து. இப்படி மாறி மாறி நடுவை அடையும்வரை. நகத்தால் அழுத்தக் கூடாது, விரலின் சதையால் நீவ வேண்டும். முடித்துப் பார்த்தால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் தானே மூடிக்கொள்ளாமல் நிற்கும். கட்டைவிரலால் பிளந்து பிடித்துக்கொண்டிருக்கும் வேலை போய்விடும். அந்தக் கை வலியும் கவனத்தைக் கலைக்கிற ஒன்றுதான்.

எப்படி உட்காருவது? வெளிச்சம்?

மல்லாந்து படுத்துப் புத்தகத்தை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்தால் பத்து நிமிடத்தில் தோள் கடுக்கும். தடித்த நாவல் அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். ஈஸி சேரோ, சுவரோரம் சாய்ந்த உட்காரலோ எதுவானாலும் மடியில் ஒரு தலையணை வைத்து அதன்மேல் புத்தகத்தைச் சாய்த்துக்கொள்ளுங்கள். கைக்குப் பாரம் இல்லை, கழுத்தும் அதிகம் குனியாது. கண்ணுக்கும் தாளுக்கும் 35 முதல் 40 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும்.

பெரும்பாலான வீடுகளில் டியூப்லைட் ஒரு சுவரில் இருக்கும். அதற்கு முதுகைக் காட்டி நேராக உட்கார்ந்தால் உங்கள் தலை நிழல் புத்தகத்தில் விழும். வெளிச்சம் தோளுக்குப் பின்னாலிருந்து சற்றே பக்கவாட்டில் வரும்படி நாற்காலியைத் திருப்புங்கள். தனி விளக்கு வைத்தால் 9 வாட் எல்.இ.டி. போதும். இரவுக்கு மஞ்சள் சாயல் உள்ள 3000 கெல்வின் பல்பு இதமாக இருக்கும். நீலவெள்ளையான 6500 கெல்வின், பளபளப்புத் தாளில் பட்டு எதிரொளித்துக் கண்ணை உறுத்தும். அறையை முழுக்க இருட்டாக்கி விளக்கை மட்டும் எரியவிடுவதும் நல்லதல்ல.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபதடி தூரத்தில் உள்ளதை இருபது விநாடி பாருங்கள் என்று கண் மருத்துவர்கள் சொல்வார்கள். கதையின் நடுவில் யாரும் நிமிடம் எண்ணப்போவதில்லை. ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் ஜன்னலுக்கு வெளியே, எதிர்வீட்டு மொட்டை மாடியையோ மரத்தையோ பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டால் அதே பலன் கிடைக்கும்.

வேகமாகப் படிக்கப் பயிற்சி எடுக்கலாமா?

இன்பத்துக்குப் படிப்பவர்களுக்கு அது வேண்டாம். வேகம் கூடினால் புரிதல் குறையும், அதற்குக் குறுக்கு வழி கிடையாது. தமிழுக்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் சொற்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நீண்டு நிற்பவை. "போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்" என்பது ஒரே சொல். போவது, அது நடந்துகொண்டிருப்பது, நடந்த காலம், பலர், அவர்களுக்கு, அத்தனை பேருக்கும் என்று ஆறு செய்தி அதில் அடுக்கியிருக்கிறது. மனசுக்குள் அந்தச் சொல்லை ஒலித்துப் பார்க்கும் குரல்தான் அதைப் பிரித்துத் தருகிறது. அந்த உட்குரலை அடக்கச் சொல்லும் பயிற்சி, நல்ல உரைநடையின் ஓசையையும் சேர்த்தே அடக்கிவிடும். நல்ல எழுத்தாளர்கள் காதால் எழுதுகிறவர்கள்.

கண் ஓடுகிறது, மனம் ஓடவில்லை. ஒரே பத்தியை மூன்று தடவை படிக்கிறேன்.

பத்தியின் தலைக்குப் போகாதீர்கள். கடைசியாக எந்தக் காட்சி கண்முன் தெளிவாக நின்றது என்று நினைத்துப் பாருங்கள். அது இரண்டு பக்கம் முன்னால்கூட இருக்கலாம். அங்கிருந்து தொடங்குங்கள். மனம் நழுவியது அந்த இடத்தில்தான், கவனித்தது மட்டும் இப்போது. அப்படியும் நிற்கவில்லை என்றால் ஒரு பக்கம் வாய்விட்டுப் படியுங்கள். வாய்க்கு வேலை கொடுத்தால் மனம் வேறெங்கும் போக வழியில்லை. அதுவும் பலிக்கவில்லை என்றால் உடம்பு தூக்கம் கேட்கிறது. மூடிவிட்டுத் தூங்குங்கள், புத்தகம் எங்கும் ஓடிவிடாது.

போனில் படிக்கலாமா?

படிக்கலாம், பி.டி.எஃப். ஆக இல்லாவிட்டால். பி.டி.எஃப்.-இல் பக்கம் தாள் அளவுக்கு வடிவமைந்தது. போன் திரையில் பெரிதாக்கி இடவலமாக நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும், மூழ்குவது எங்கே? இபப் (EPUB) என்ற மின்னூல் வடிவத்தில் எழுத்தின் அளவை மாற்றினால் வரிகள் திரைக்கேற்ப மடங்கும். வரிக்கு ஐந்து சொல் வரும் அளவு வைத்து, விமானப் பயன்முறையில் போட்டுவிட்டுப் படியுங்கள். 1998 முதல் இயங்கிவரும் மதுரைத் திட்டத்தின் தளத்தில், சங்க இலக்கியம் முதல் கல்கிவரை காசில்லாமல் கிடைக்கின்றன. கிண்டில் போன்ற, படிப்பதற்கென்றே உள்ள மின்மை வாசிப்பான் இருந்தால் இன்னும் நல்லது. அதில் வேறு எதுவும் கூப்பிடாது.

பஸ்ஸில் படித்தால் தலை சுற்றுகிறது.

உடம்பு ஆடுவதை உட்காது உணர்கிறது, கண்ணோ அசையாத பக்கத்தைப் பார்க்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் குமட்டல். முன் வரிசையில், ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு பத்தி படித்து வெளியே தூரத்தைப் பார்த்து, மறுபடி படித்தால் சிலருக்குச் சமாளிக்கும். வளைவுச் சாலையில் யாருக்கும் முடியாது. ரயிலில் குலுங்கல் குறைவு, பெரும்பாலோருக்கு அங்கே தொந்தரவு இல்லை. பஸ்ஸில்தான் நேரம் கிடைக்கிறது என்பவர்களுக்கு ஒலிப்புத்தகம் கை கொடுக்கும்.

வீட்டில் அமைதியே இல்லை. எங்கே போய்ப் படிப்பது?

பக்கத்துக் கிளை நூலகத்தை முதலில் பாருங்கள். காலைச் செய்தித்தாள் கூட்டம் கலைந்த பிறகு பல கிளைகளில் நல்ல அமைதி இருக்கும். சென்னையில் இருந்தால் கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பிரிவே இருக்கிறது. போட்டித் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்கள் நிறைய வருவதால் இடம் பிடிக்க நேரத்தோடு போக வேண்டும். எங்கும் போக முடியாதவர்கள் விடியற்காலை ஐந்து முதல் ஆறுவரை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெண்களுக்கு அந்த நேரமும் சமையலறைக்குப் போய்விடுகிறது என்பது உண்மை. அது வீட்டில் பேசி வாங்க வேண்டிய நேரம், விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

பழைய புத்தகம் எடுத்தால் தும்மல் வருகிறது.

வெட்டவெளியில் விசிறிபோல் விரித்து, உலர்ந்த மெல்லிய துணியால் மேல் விளிம்பைத் துடைத்து, அரை நாள் நிழலில் நிறுத்தி வையுங்கள். நேர் வெயில் வேண்டாம், தாள் மஞ்சளாகி ஒடியும். ராமபாணப் பூச்சி அரித்த துளைகள் தெரிந்தால் மற்றப் புத்தகங்களோடு சேர்க்காமல் தனியே வையுங்கள்.

பிடிக்கவில்லை என்றால் எப்போது விடலாம்?

அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் சொன்ன கணக்கு ஒன்று உண்டு. ஐம்பது பக்கம் படியுங்கள், பிடிக்காவிட்டால் விடுங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் நூறிலிருந்து தங்கள் வயதைக் கழித்தால் வரும் பக்கம் போதும். அறுபத்தைந்து வயதுக்காரருக்கு முப்பத்தைந்து பக்கம். பெரும்பாலான நாவல்களுக்கு இது சரியாக வரும். ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்டவைக்கு மட்டும் நூறு பக்கம்வரை பொறுக்கலாம். விடும்போது எந்தப் பக்கத்தில் விட்டோம் என்று சீட்டில் தேதியோடு எழுதி உள்ளேயே வையுங்கள். இருபத்தைந்து வயதில் ஓடாத புத்தகம் நாற்பதில் ஓடுவது சர்வசாதாரணம்.

பிள்ளைகளைப் புத்தகத்துக்குள் இழுப்பது எப்படி?

தேர்ந்தெடுப்பதை அவர்களிடம் விடுங்கள். படக்கதை, கிரிக்கெட் வீரர் வரலாறு, எதுவானாலும் சரி. படித்ததும் "என்ன நீதி தெரிந்துகொண்டாய்" என்று கேட்காதீர்கள். படிக்கத் தெரிந்த பிள்ளைக்கும் இரவில் பதினைந்து நிமிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். சுவாரஸ்யமான இடத்தில் நிறுத்திப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துவிட்டு எழுந்து போங்கள்.

பெரிய நாவல் முடிந்ததும் ஒரு வெறுமை. அடுத்து எதுவும் ஒட்டவில்லை.

மூன்று மாதம் கூடவே இருந்தவர்கள் ஊருக்குக் கிளம்பிப்போன வீடு அப்படித்தான் இருக்கும். அடுத்த நாளே இன்னொரு தடித்த சரித்திர நாவலை எடுக்காதீர்கள். பழைய ஆட்களோடு ஒப்பிட்டே புதியவர்களை ஒதுக்குவீர்கள், அது அந்தப் புத்தகத்துக்குச் செய்யும் அநியாயம். இரண்டு மூன்று நாள் எதுவும் படிக்காமல் இருங்கள். தாண்டிப்போன முன்னுரையையும் அணிந்துரையையும் இப்போது படியுங்கள். பிறகு முதல் அத்தியாயத்தை மட்டும் ஒருமுறை திருப்பிப் படியுங்கள். முதல் தடவை வெறும் ஏரிக்கரையாகத் தெரிந்த இடத்தில், பின்னால் நடக்கப்போகும் எத்தனை விஷயத்துக்கு விதை போட்டிருக்கிறார் என்பது இப்போதுதான் கண்ணில் படும். அதன் பிறகு ஒரு சிறுகதைத் தொகுப்பு, நாளுக்கு ஒரு கதை. நாலைந்து கதைக்குள் மனம் அடுத்த நாவலைக் கேட்கத் தொடங்கும். அப்போது புதிதாக ஒரு அரைத் தாளை மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.